அத்தை வீட்டு மாடி எங்கள் வீட்டுக்கு வந்த கதை

பிள்ளைகளா, போன மாதம் உங்கள் பள்ளிக்கூடத்துப் பஸ்ஸில் துணைக்கு நானும் சென்னைக்கு வந்தேன் அல்லவா? ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் புல்லும் பூச்செடியும் கீரையுமாக ஒரு தோட்டத்தைக் காட்டினார்கள். அங்கே இருந்த பெண், காய்ச்சல் பார்க்க நெற்றிக்கு நேரே நீட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு கருவியை வெறும் தளத்தில் ஒருமுறையும் செடிகளுக்கு நடுவே ஒருமுறையும் நீட்டி இரண்டு சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டினார். ஊர் முழுக்க மாடிகளை இப்படிப் பச்சையாக்கினால் ஊரே குளிரும் என்றார். சின்னவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீங்க சின்னப் புள்ளையா இருக்கும்போது இதெல்லாம் இருந்திருக்காது இல்லப்பா?" என்று இரக்கப்பட்டாள். "ஏன் இல்ல? நம்ம விருத்தாசலத்துலயே இருந்துச்சு. லெட்ரின் பேசின்ல இருந்துச்சு" என்றேன். அவ்வளவுதான். லிஃப்டுக்குள் நீங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் உங்கள் டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பஸ்ஸில் முழுவதையும் சொல்லலாம் என்று பார்த்தால் திண்டிவனம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. என் அப்பா பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளைக்காரர். சூளை வாயைச் செங்கல் வைத்து மூடி, சேறு பூசி, எண்ணெயைத் திறந்துவிட்டால், உள்ளே சூடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைச் சின்னத் துளை வழியாகத் தெரியும் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். சிவப்பு போதாது, மஞ்சளும் போதாது, மஞ்சளில் வெள்ளை கலக்க வேண்டும் என்பார். கம்பெனியில் அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டில்தான் அந்த மரியாதைக்கு ஒரு சோதனை வந்தது.

எங்கள் வீடு ஒரே அறை, ஒட்டினாற்போல ஒரு சமையல்கட்டு. மேலே தாழ்வான சிமெண்டுத் தளம். சித்திரை பிறந்துவிட்டால் மத்தியானத்தில் அந்தத் தளம் குடித்த சூட்டைச் சாயங்காலம் முழுக்க எங்கள் மேல் இறக்கிக்கொண்டிருக்கும். மற்ற வருஷங்களில் வாசலில் பாயைப் போட்டுச் சமாளித்தோம். அந்த வருஷம் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. பிரசவத்துக்காகத் திட்டக்குடிக்குப் போன அம்மா ஐந்து மாதம் கழித்து, ஈஸ்டர் முடிந்த கையோடு, தங்கச்சிப் பாப்பாவோடு வந்து சேர்ந்திருந்தார். அந்தப் பாப்பா இன்று உங்களுக்கு அத்தை. ஆனால் இந்தக் கதையில் அத்தை என்றால் என்னுடைய அத்தை, என் அப்பாவின் தங்கை. குழப்பிக்கொள்ளக் கூடாது.

அம்மா வந்து பத்து நாள் ஆவதற்குள் பாப்பாவின் கழுத்து, முதுகு, தொடை எல்லாம் வேர்க்குரு. குழந்தை தூங்காது. குழந்தை தூங்காததால் யாரும் தூங்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா பார்க்க வந்தார். அம்மாவின் அண்ணன், திட்டக்குடிப் பக்கம் நெல்லும் மல்லாட்டைக் கடலையும் போடுகிற விவசாயி. உள்ளே வந்தவர் துண்டால் விசிறிக்கொண்டே பாப்பாவைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தளத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மாப்ள, சூளையில வேலை செய்யறீங்க, சரி. அதுக்காக வூட்டையும் ஒரு சூளையாவே வெச்சிருக்கணுமா?"

அப்பா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழம வரேன். அன்னிக்கும் இப்படியே இருந்துச்சுன்னா தங்கச்சியையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போயிடறேன். மழ விழுந்தப்புறம் கொண்டாந்து விடறேன். கோவிச்சுக்காதீங்க."

மழை விழுவது என்றால் ஐப்பசி. இன்னும் ஆறு மாதம். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா இல்லாத ஐந்து மாதமும் அப்பா வைத்த ரசத்தைச் சாப்பிட்டவன் நான். ஒரு நாள் புளி இருக்காது, ஒரு நாள் புளி மட்டும்தான் இருக்கும். அதற்காக மட்டும் இல்லை. அம்மா வந்த அன்றைக்குத்தான் வீட்டில் மறுபடியும் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. அப்பா நல்லவர்தான். ஆனால் சூளைக்காரர்கள் எல்லாருக்கும் பேச்சு குறைவு.

அப்பா என்ன செய்தார்? தளத்துக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தார். ஈரச் சாக்கை விரித்தார். சாக்கு பத்து மணிக்கே அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் அம்மாதான் மெதுவாகச் சொன்னார்: "உங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்."

அப்பா இன்னொரு சாக்கை நனைக்கப் போய்விட்டார். காரணம் இருந்தது. அத்தை எங்கள் பின்தெருவில், ஒரு வீட்டின் மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தார். பொம்மைக் கம்பெனியில் வர்ணம் தீட்டுகிற வேலை. அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். போனால் பத்து நாள், பதினைந்து நாள் வரமாட்டார். அறையின் சூடு தாங்காமல் அத்தை மேல்தளத்தில் தோட்டம் போட்டிருந்தார். தொட்டி எது என்றால், அப்பாவின் கம்பெனியில் தயாராகும் லெட்ரின் பேசின். உட்கார்ந்து போகிற பழைய மாதிரி. சூளையில் வேகும்போது முடி அளவு கீறல் விழுந்தால் அது ரிஜெக்ட். ரிஜெக்ட் சாமானைத் தொழிலாளிகள் எடுத்துக்கொண்டு போகலாம், யாரும் எடுக்கமாட்டார்கள். அத்தை எடுத்தார். ஒவ்வொன்றாகச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துப்போனார். "உன் தங்கச்சி லெட்ரின்ல வெவசாயம் பண்ணுதாமே" என்று சூளையடியில் ஆட்கள் கேலி செய்ததிலிருந்து அப்பா அந்தப் படியில் கால் வைத்ததில்லை. இத்தனைக்கும் அந்தப் பேசின்களைச் சூளையில் சுட்டுக் கொடுத்தவரே அப்பாதான்.

எனக்கு அதில் என்ன கேலி என்று புரியவே இல்லை. இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு லெட்ரின் பேசின் என்பது பளபளப்பான ஒரு வெள்ளைச் சாமான், அவ்வளவுதான். கம்பெனி மதிலோரம் அது மலைபோலக் குவிந்து கிடக்கும். வரிசையாக வைத்து உட்கார்ந்து பஸ் விளையாடுவோம். முன்னால் உட்காருகிறவன் டிரைவர். ஒரு வீட்டில் கோழி அதில் முட்டையிட்டு அடை காத்தது. நாய்க்குச் சோறு அதில். எங்கள் தெருவில் அதை அதற்கென்று பதித்திருந்தது ஒரே ஒரு வீடு. நாங்கள் எல்லாரும் ரயில் பாதையோரக் கருவேலங்காட்டுக்குத்தான் போய்வந்தோம். ஊருக்கெல்லாம் செய்து அனுப்பினோம், எங்களிடம் இல்லை. அதனால் அந்தப் பொருளோடு எந்த அசிங்கமும் எங்கள் மனசில் ஒட்டவில்லை.

கடைசியில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அத்தையின் மாடிக்கு ஏறியதும் முதலில் தெரிந்தது வாசனை. நனைந்த மண்ணும் துளசியும் கலந்த வாசனை. இருபத்திரண்டு பேசின்கள், இரண்டு வரிசை. ஒவ்வொன்றும் நாலு செங்கல் மேல் தூக்கி உட்காரவைத்திருந்தது. கீழே காற்று ஓடுவதற்கு இடம். தண்ணீர் வெளியேறப் பேசினில் ஏற்கனவே துளை இருக்கிறது; அதன்மேல் ஓட்டுச்சில் ஒன்று. மண் கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் தேங்காய் மட்டை, சருகு, சாணத்தூள். பாரம் ஏறக் கூடாது என்று. சிறுகீரை, தண்டுக்கீரை, மிளகாய், கத்திரி. ஓரத்துப் பேசின்களிலிருந்து ஏறிய பரங்கிக்கொடி நடுவில் இருந்த வெற்றிடத்தையெல்லாம் இலையால் மூடிவிட்டிருந்தது. அப்பா குனிந்து ஒரு பேசினுக்கு அடியில் கையை நீட்டித் தளத்தைத் தொட்டார். பிறகு ஓரத்தில், வெயில் நேரே படுகிற இடத்தைத் தொட்டார். மறுபடி உள்ளே தொட்டார். அவர் சூளைச் சுவரைத் தொட்டுப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதே முகம்.

அத்தை இடுப்பில் கை வைத்து நின்றார். "என்ன அண்ணே, அதிசயமா இருக்குது? வழி தவறி வந்துட்டியா?"

"கொழந்தைக்கு வேர்க்குரு" என்றார் அப்பா.

"தெரியும். அண்ணி சொன்னாங்க."

"மச்சான் ஞாயித்துக்கிழம வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு."

"அதுவும் சொன்னாங்க."

அப்பா நின்றார். கேட்க வேண்டியது ஒன்றுதான். அதை விட்டுவிட்டு ஒரு மிளகாய்ச் செடியைத் திருப்பிப் பார்த்தார். அத்தைதான் சிரித்தார். "அண்ணே, உனக்குச் சூட்ட உள்ள கட்டிவெக்கத்தான் தெரியும். வெளியில நிறுத்தத் தெரியாது. நாளைக்கு வண்டி ஒண்ணு கொண்டா."

"எத்தன குடுப்ப?"

"பாதியெல்லாம் வெச்சா பத்தாது. எடுத்துக்க எல்லாத்தையும்."

"உனக்கு?"

"நான் பகல்ல கம்பெனியில இருக்கறேன். எனக்கென்ன, கைக்கொழந்தையா?"

அப்பா தலையை ஆட்டினார். அவர் நன்றி சொல்லத் தெரியாதவர். படியில் இறங்கும்போது, "கீரைய ரொம்ப நெருக்கமா வெதச்சிருக்க" என்றார். அதுதான் அவருக்கு வந்த நன்றி.

அடுத்த நாள் பொம்மைகளை வைக்கோல் சுற்றி ஏற்றிப்போகிற மூன்று சக்கர வண்டி வந்தது. அத்தை லீவு போட்டார், அப்பாவுக்கும் மாலை ஷிப்டு. பரங்கிக்கொடியை அறுக்காமல் கயிறு மாதிரி சுருட்டி, பேசின் பேசினாக வைக்கோல் மேல் இறக்கி, தெரு வழியாக ஐந்து நடை. நான் முன்னால் வழி விலக்கிக்கொண்டு நடந்தேன். வெள்ளைப் பேசின்களில் பச்சைக் கீரை ஆட ஆட வண்டி போவதைப் பார்த்து டீக்கடையில் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

"என்னம்மா, சீர் வரிசையா? எந்த வூட்டுக்குப் போவுது?"

"ஆமாண்ணே, எங்க அண்ணிக்குச் சீரு" என்றார் அத்தை, வண்டியைத் தள்ளிக்கொண்டே. "ஒனக்கும் ஒண்ணு வேணுமா? மொளகா வெச்சது இருக்குது, ஒக்காந்துக்க."

டீக்கடை முழுக்கச் சிரிப்பு. அப்பா தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். ஆனால் உதட்டோரம் அவரும் சிரித்ததை நான் பார்த்தேன்.

எங்கள் தளத்தில் எல்லாவற்றையும் அடுக்கி, கொடியைப் பரப்பி, வெறும் இடத்தில் சாக்கை விரித்துக் காலையும் மாலையும் நனைத்தோம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானே குடம் குடமாகத் தூக்கினேன். வியாழக்கிழமை மத்தியானம் அம்மா அறையின் நடுவில் நின்று, "ஏங்க, காத்து மாறுன மாதிரி இருக்குது இல்ல?" என்றார். வெள்ளிக்கிழமை பாப்பா மத்தியானத்தில் ஒரு மணி நேரம் தூங்கினாள். அந்த ஒரு மணி நேரமும் நாங்கள் மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். சனிக்கிழமை இரண்டு மணி நேரம். அப்பா கம்பெனிக்குப் போகிற நடையே மாறிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு மாமா வந்தா மாடிக்குக் கூட்டிட்டுப் போவாத, என்ன?" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. படிக்குக் கைப்பிடி இல்லை, மாமாவுக்கு முழங்கால் வலி. அதனால்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மாமா சாமர்த்தியக்காரர். காலைப் பூசை முடிந்ததும் கிளம்பி, வேண்டுமென்றே உச்சி வெயில் நேரத்தில் வந்து இறங்கினார். உள்ளே வந்தவர் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பாப்பா தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தைப் பார்த்தார், வேர்க்குரு அடங்கிக் காய்ந்திருந்தது. துண்டைத் தோளில் போட்டார். விசிறிக்கொள்ளவில்லை.

"பரவாயில்ல மாப்ள" என்றார். "என்ன பண்ணீங்க?"

"மாடியில கொஞ்சம் செடி வெச்சோம்" என்றார் அப்பா.

சோறு போட்டார்கள். கருவாட்டுக் குழம்பும் கடைந்த சிறுகீரையும். அத்தையும் உதவிக்கு வந்து சமையல்கட்டில் இருந்தார். மாமா கீரையை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். "இது சந்தைக் கீர இல்லியே. நாக்குல கரையுதே. மாடியில போட்டதா?"

"ஆமாண்ணே" என்றார் அம்மா. சட்டென்று குழம்பை ஊற்றினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாடிக்குக் கூட்டிப்போகக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? மாமாவுக்குப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. வாயால் சொல்லியாவது காட்டுவோம் என்று நினைத்தேன். அவருக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "எல்லாம் எங்க அப்பா கம்பெனி லெட்ரின் பேசின்ல வளந்தது மாமா. இருபத்திரெண்டு இருக்குது. நீ சாப்புடறது மூணாவது பேசினு."

மாமாவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. சமையல்கட்டில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது, என்ன தப்பு என்று தெரியவில்லை. மாமாவுக்குச் சந்தேகம் போலிருக்கிறது என்று எண்ணி, "நெசமாவே மாமா, அதுல ஓட்டையும் இருக்குது" என்று விளக்கம் கொடுத்தேன்.

அவர் எழுந்துவிட்டார். வெளியே போய் வாயைக் கொப்பளித்தார். கொப்பளித்தார் என்றால் ஒரு குடம் தண்ணீர் தீரும்வரை. திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்றார்.

"பொட்டிய எடும்மா."

"அண்ணே, அது புதுசுண்ணே. கீறல் வுட்ட சாமானு. யாரும் தொட்டதுகூட இல்ல" என்றார் அம்மா.

"புதுசோ பழசோ. தலைக்கு மேல கக்கூஸ அடுக்கிவெச்சுட்டு, கீழ பச்சப்புள்ளையப் படுக்க வெச்சிருக்கீங்க. அதுல முளைச்சத எனக்கும் போட்டுட்டீங்க. எடு பொட்டிய."

அம்மா எழுந்திருக்கவில்லை. மாமா சாப்பிட்டு மிச்சம் வைத்த தட்டைக் கையில் எடுத்தார். பூப்போட்ட வெள்ளைப் பீங்கான் தட்டு. "இது எங்க வெந்ததுன்னு நெனச்ச? அதே மண்ணு, அதே சூள. மேல் தட்டுல இது, கீழ் தட்டுல அது. ஒங்க வூட்டுலயும் இதுலதான் ஆறு பேரு சாப்புடறீங்க. நான் குடுத்தனுப்புனது."

நல்ல நியாயம். ஆனால் கோபமாக இருக்கிறவரிடம் நியாயம் பேசினால் கோபம்தான் கூடும் என்பதை நான் அன்றைக்குப் பார்த்தேன். மாமா, "அந்தக் கருமத்த மொதல்ல தூக்கிக் கீழ போடறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கப் படியில் ஏறினார். முழங்கால் வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் அத்தை, கடைசியில் நான். அம்மா கீழே தூளியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறினேன். நான் வாயைத் திறந்ததால் அம்மா போய்விடப் போகிறார் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

மாமா நேரே முதல் பேசினிடம் போனார். இரண்டு கையையும் நீட்டிக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

"யாரு வெதச்சது இத?"

அப்பா அத்தையைப் பார்த்தார்.

"கேக்கறேன்ல? கீரைய இப்படியா கொட்டுவாங்க? மூச்சு விட எடம் வேணாமா அதுக்கு?"

"நான்தாண்ணே" என்றார் அத்தை.

"வெதைக்கறதுக்கு முன்னாடி மணலு கலந்தியா?"

"இல்லண்ணே."

"அதான். ஒரு பங்கு வெதைக்கு நாலு பங்கு மணலு. அப்பத்தான் பரவலா விழும்." சொல்லிக்கொண்டே கை பேசினுக்குள் போய்விட்டது. நெருக்கமாக நின்ற நாற்றுகளை இரண்டு விரலால் பிடுங்கி ஓரமாகப் போட ஆரம்பித்தார். அடுத்த பேசின். கத்திரி இலையைத் திருப்பிப் பார்த்தார். "அடப்பாவமே, அசுவணிப் பூச்சி பத்தியிருக்குது பாரு. சாம்பல் போட்டியா?" "இல்லண்ணே." "ஒண்ணுந்தான் பண்ணல." பரங்கிக்கொடியின் நுனியைக் கிள்ளினார். ஐந்தாவது பேசினுக்குப் போனபோது அவர் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை மண். அப்பா இரண்டடி தள்ளியே நின்றார். சூளையில் பதம் வருகிற நேரத்தில் அதன் வாயைத் தொடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். "இத்தனையும் ஒரு வாரத்துல வளராது. எங்கிருந்து வந்துச்சும்மா?"

"எங்க மாடியில சும்மா கெடந்துச்சுண்ணே" என்றார் அத்தை.

சும்மா கிடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் பிடரியில் கை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார். ஒரு நாளைக்கு ஒரு உண்மை போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மாமா இறங்கி வந்து கையைக் கழுவி, மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். எதில் ஊற்றிக் கொடுத்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் குடித்தார், சில்வர் டம்ளர். "கீரைய இனிமே எனக்குப் போடாதீங்க" என்றார். பிறகு தூளிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "புள்ள தூங்குது. இருக்கட்டும். அடுத்த மாசம் வரும்போது சாம்பல் கொண்டாரேன்." பெட்டியைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. அவர் பஸ் ஏறிய பிறகு அப்பா என்னை அடிப்பார் என்று மூலையில் நின்றேன். அப்பா என் தலையில் கையை வைத்து, "மூணாவது பேசினா?" என்று கேட்டார். பிறகு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

அந்தக் கோடை முழுக்க அம்மா எங்களோடு இருந்தார். நான் உண்மையைச் சொன்னதால்தான் எல்லாம் நன்றாக முடிந்தது என்று என் கணக்கு. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பரீட்சை முடிந்து, கத்திரி வெயில் நடுவில் ஒரு நாள், குழம்பு கொடுத்துவிட்டு வரச் சொல்லி அம்மா என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அத்தை அறைக்குள் இல்லை. படிக்கட்டு நிழலில், தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "உள்ள வெச்சுட்டு வாடா" என்றார். வைத்த வேகத்தில் வெளியே ஓடி வந்துவிட்டேன். அவர் கழுத்தையும் முதுகையும் அப்போதுதான் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று பவுடர். எங்கள் பாப்பாவின் வாசனை.

"அத்த, நீயும் பாப்பாவா? பாப்பா பவுடரு பூசியிருக்க!"

"ஆமாடா. எனக்கு யாரு பூசிவுடறது? அதான் நானே பூசிக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரும் சிரித்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மாடி வெறிச்சென்று இருந்தது. பேசின்கள் இருந்த இடமெல்லாம் செங்கல் தடம் மட்டும் இரண்டு வரிசையாக. விளையாட எவ்வளவு இடம் என்று சந்தோஷப்பட்டேன். ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு ஒற்றைக் காலில் தாண்டினேன். கீழேயிருந்து அத்தை, "குதிக்காதடா, வெயிலு மண்டையப் பொளக்கப் போவுது, எறங்கு" என்று கத்தினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வேடிக்கையாகச் சொன்னேன்: அத்தை பாப்பா பவுடர் பூசுகிறார் என்று. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, அலமாரியிலிருந்த பவுடர் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஓடு. அத்தைகிட்ட குடுத்துட்டு வா. நைட்டு இங்க வந்து படுத்துக்கச் சொன்னாங்கன்னு சொல்லு." பாப்பாவுக்குத்தான் வேர்க்குரு போய்விட்டதே, மிச்சப் பவுடர் வீணாகாமல் இருக்கட்டும் என்று அம்மா கொடுக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். இரண்டாவது முறை வெயிலில் ஓட வைத்ததற்காக அம்மா மேல் கோபம்கூட வந்தது. அத்தை டப்பாவை வாங்கிக்கொண்டார். படுக்க வரவில்லை. "எடம் எங்கடா இருக்குது உங்க வூட்டுல" என்றார். மழைக்காலம் வருவதற்குள் அவர் வீட்டுக்காரருக்குச் சேலத்தில் வேலை அமைந்து, இரண்டு பேரும் அங்கேயே போய்விட்டார்கள். பேசின்கள் எங்கள் மாடியிலேயே நின்றுவிட்டன.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஒரு வேலை இருக்கிறது என்று உங்களை உங்கள் அம்மாவோடு வீட்டுக்கு அனுப்பினேன் அல்லவா? பின்தெருவுக்குப் போனேன். அந்த வீடு இன்னும் அப்படியே இருக்கிறது; மாடி அறையில் வாடகைக்கு என்று அட்டை தொங்குகிறது. அறையைப் பார்க்க வந்திருப்பதாக வீட்டுச் சொந்தக்காரர் நினைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். நான் அறையைத் திறக்கவில்லை. மேல்தளத்துக்குப் போனேன். மணி ஒன்று இருக்கும். செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்துவிட்டு, வெறுங்காலோடு தளத்தின் நடுவில், அத்தை குடியிருந்த அறைக்கு நேர் மேலே, போய் நின்று மனசுக்குள் எண்ணினேன். பதினொன்று எண்ணுவதற்குள் கால் தானாகவே நிழலுக்கு ஓடிவந்துவிட்டது. படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு மறுபடியும் போய் நின்றேன்.